ஊருக்கு ஒரு பேச்சு, சேரிக்கு ஒரு பேச்சு

தோழனே!

நாடக மேடையில் இரட்டை வேடம் கட்டுவது எளிதன்று. முதற் காட்சியில் மன்னனாக வந்தவன் மறு காட்சியில் ஆண்டியாக வரவேண்டுமானால், திரை விழவேண்டும். உடை மாற்ற நேரம் வேண்டும். ஒப்பனைக்காரர் ஓடிவந்து உதவவேண்டும். தேர்தல் காலத்தில் மதுரைச் சமவெளியைச் சுற்றிவரும் வேட்பாளருக்கோ இவை எதுவும் வேண்டியதில்லை! மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு சிற்றூருக்குள் அவர் நுழைகிறார். மந்தையிலே வண்டி நிற்கிறது. "நம் மண், நம் மானம், நம் மரபு" என்று முழங்குகிறார். மாலை விழுகிறது, குலவை ஒலிக்கிறது. வண்டி நகர்கிறது. கூப்பிடு தூரத்திலே காலனி. அங்கே அதே வாய், அதே ஒலிபெருக்கி! "சமத்துவம், சமூகநீதி, அண்ணல் அம்பேத்கர் கண்ட கனவு" என்று முழங்குகிறார். திரையும் விழவில்லை, உடையும் மாறவில்லை. பேச்சு மட்டும் மாறிவிட்டது.

இது பேச்சாற்றல் என்று சிலர் மெச்சுகிறார்கள். இடமறிந்து பேசுகிறார், தேர்ந்த அரசியல்வாதி என்று புகழ்கிறார்கள். நான் கேட்கிறேன்: மந்தையிலே சொன்ன மானத்தை ஏன் காலனியிலே சொல்லவில்லை? காலனியிலே சொன்ன சமத்துவத்தை ஏன் மந்தையிலே சொல்லவில்லை? சமத்துவம் யாருக்குத் தேவையான பாடம்? மிதிபட்டவனுக்கா, மிதித்தவனுக்கா? பசித்தவனிடம் போய்ப் பசியின் கொடுமையை விளக்குவது பிரச்சாரமா, பரிகாசமா? தனிக் குவளையை வைத்திருக்கும் கடைத்தெருவில் வாய் திறக்காமல், அந்தக் குவளையில் தேநீர் குடித்தவனிடம் வந்து தீண்டாமை தீமை என்று சொல்லிப் போகிறவர், அவனுக்குத் தெரியாத எதைச் சொல்லிவிட்டார்?

இன்னொன்றையும் கவனி. அவர் ஒரு தெருவில் ஒன்றும் மறு தெருவில் மற்றொன்றும் பேசினார்; ஆனால் இரண்டு தெருவிலும் பேசாத பொருள் ஒன்று உண்டு. நிலம் யாருடையது? கண்மாய் யாருடையது? கூலியை நிர்ணயிப்பவன் யார்? சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஏன் அடுத்தவன் வரப்பிலே முடிகிறது? இவற்றை அவர் தொடவே இல்லை. சாதியைப் பற்றிப் பேசினால் உடைமையை மறந்துவிடுவார். உடைமையைப் பற்றிப் பேசினால் சாதியை மறந்துவிடுவார். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முறுக்குகள் என்பதை அறியாதவரல்லர். அறிந்தே பிரித்துப் பேசுகிறார்.

பிரிக்க முடியாதவை அவை என்பதற்குச் சான்று வேண்டுமா? நெடுந்தூரம் போகவேண்டாம், மேலூரை அடுத்த மேலவளவுக்கு வா.

1996இல் தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் வந்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே, மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. உடனே மிரட்டல் வந்தது, குடிசைகள் எரிந்தன, வேட்பாளர்கள் பின்வாங்க வைக்கப்பட்டனர், வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன. இறுதியில், டிசம்பர் மாதக் கடைசியில் காவல்துறைப் பாதுகாப்போடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். தலைவரானார், ஆனால் தம் அலுவலகத்துக்குள் நுழைய முடியாத தலைவரானார்! 1997 ஜூன் 30ஆம் நாள், எரிந்த குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று, பேருந்தில் ஊர் திரும்பிய வழியில், அவரும் துணைத்தலைவர் மூக்கனும் உள்ளிட்ட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது.

இந்தக் கொலையைச் சாதிவெறி என்ற ஒரே சொல்லால் சொல்லி முடிப்போர் உண்டு. சாதிவெறிதான், ஐயமில்லை. ஆனால் அந்த நாற்காலியில் என்ன இருந்தது என்று கேட்டாயா? கண்மாய் மீன் ஏலம் இருந்தது. புளியமர ஏலம் இருந்தது. புறம்போக்கும் பொதுச்சொத்தும் இருந்தன. ஊர்ப் பணத்தின் கணக்குப் புத்தகம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு சிலர் கையிலேயே சுற்றிவந்த பொதுச்சொத்தின் சாவி, சட்டத்தின் பெயரால் சேரிக்காரன் கைக்குப் போகவிருந்தது. மானம் போயிற்று என்று கத்தியெடுத்தவர்களின் மானத்துக்கு அடியிலே சொத்து இருந்தது! சாதி சொத்துக்கு வேலி. சொத்து சாதிக்கு உரம்.

அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டனர். அதன் பிறகு 2021இல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. 2024இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தோழனே, உன் ஊர் மந்தையிலே எந்த வேட்பாளராவது அந்த விடுதலையைப் பற்றி ஒரு சொல் பேசக் கேட்டாயா? காலனியிலே பேசியிருக்கலாம். மந்தையிலே?

உசிலம்பட்டிப் பக்கம் திரும்பு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை, 10 ஆண்டுகள், முறையான தலைவர் என்று ஒருவர் பொறுப்பில் இருக்க முடியவில்லை. ஒன்று, வேட்புமனுவே விழாது. அல்லது ஊர்ப் பெரிய மனிதர்கள் கைகாட்டிய ஒருவர் மனுப்போட்டு, வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார்! கை அவருடையது, கடிதம் வேறொருவருடையது.

அந்தப் பத்தாண்டுகளில் நாட்டில் தேர்தலே நடக்கவில்லையா? 1998, 1999, 2004 என மூன்று நாடாளுமன்றத் தேர்தல்கள்; 2001, 2006 என இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள். ஐந்து முறை கொடி பறந்தது. ஐந்து முறை கும்பிடு விழுந்தது. அந்த அநீதிக்கு எதிராகக் குரல் கொடுத்த இயக்கங்கள் உண்டு, அடிபட்ட தொண்டர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஆட்சிக்கு வரத் துடித்த பெருங்கட்சிகள், "உன் ஊராட்சியில் தலித் தலைவர் உட்காரும்வரை உன் வாக்கு எனக்கு வேண்டாம்" என்று மந்தையில் நின்று சொல்லியிருந்தால், அது பத்தாண்டு நீண்டிருக்குமா?

2006 அக்டோபரில் முடிச்சு அவிழ்ந்தது. எப்படி அவிழ்ந்தது? காலனியில் கூட்டம் போட்டதாலா? இல்லை. அரசு உறுதியாக நின்றது. மாவட்ட நிர்வாகம் ஊர்ப் பெரியவர்களிடமே போய் உட்கார்ந்து பேசியது. பேசவேண்டிய தெருவில் பேசினார்கள், காரியம் நடந்தது. அதிகாரிகளால் முடிந்தது அரசியல்வாதிகளால் ஏன் முடியாமற் போயிற்று? அதிகாரிக்கு அந்தத் தெருவில் வாக்கு வேண்டியதில்லை. அவ்வளவுதான்!

உத்தப்புரத்தையும் மறந்துவிடாதே. ஊரையும் தலித் மக்களின் குடியிருப்பையும் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் அங்கே ஏறத்தாழ 20 ஆண்டுகள் நின்றது. 2008 மே 6ஆம் நாள், நெடிய போராட்டத்துக்குப் பின்பே, காவல்துறை சூழ அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. சுவர் நின்ற அத்தனை ஆண்டுகளிலும் வாக்குக் கேட்கப் போனவர்கள் அதைக் காணவில்லையா? கண்டார்கள். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் என்று நிகழ்ச்சி நிரலும் போட்டார்கள். சுவர் அவர்களுக்கு இடைஞ்சல் அன்று; வசதி! ஒரு பக்கப் பேச்சு மறு பக்கத்துக்குக் கேட்காதல்லவா?

சரி, சேரிக்கு இவர்கள் கொண்டுவருவது என்ன? மூன்று பொருள்கள்: மாலை, உறை, வாக்குறுதி.

முதலில் மாலை. 1957 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதையொட்டி முதுகுளத்தூர்ச் சீமை பற்றி எரிந்தது. 2011இல் அதே நினைவு நாளில் பரமக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் மாண்டனர். இன்று தலைவர்கள் செப்டம்பர் 11இல் பரமக்குடியில் மாலையிடுகிறார்கள். அக்டோபர் 30இல் பசும்பொன்னில் மாலையிடுகிறார்கள். இரண்டு இடத்துக்கும் போவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரு சமூகத்தாரையும் ஒரே மேடையில் அமர்த்த வல்லவர் போனால் அது தொண்டு. பரமக்குடியில் பேசியதைப் பசும்பொன்னிலும் பேசும் துணிவு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். மாலை வாடிவிடும், கேள்வி வாடாது.

இரண்டாவது உறை. 2009 ஜனவரியில் மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அதன் பிறகு அந்த ஊரின் பெயரே, வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் பெயராகிவிட்டது. அன்று தொட்டு, காலனி என்றால் கணக்கு எளிது என்று எண்ணும் கூட்டம் எல்லாக் கட்சியிலும் வளர்ந்துவிட்டது. "பேச்செதற்கு? தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும்" என்கிறார்கள். வறுமையைத் தீர்க்க வழி கேட்டவனுக்கு அவன் வறுமையையே விலையாக வைத்துப் பேரம் பேசுகிறார்கள். வாங்கியவனைத் திட்டுவோர் உண்டு, நான் திட்டமாட்டேன். நாள் முழுக்க வெயிலில் நாற்று நட்டவள் கையில் திணிக்கப்பட்ட தாளைப் பார்த்து ஒழுக்கம் பேசுகிறவர், அவள் கூலியைக் குறைத்தவனைப் பார்த்து என்ன பேசினார்?

மூன்றாவது வாக்குறுதி. மனைப்பட்டா, சமுதாயக்கூடம், தெருவிளக்கு, சிமெண்டுச் சாலை. வேண்டியவைதாம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சாலை காலனிக்குள்ளே போடப்படும், வயலுக்குப் போகாது. பட்டா வீட்டு மனைக்குக் கிடைக்கும், விளைநிலத்துக்குக் கிடைக்காது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்ற வெள்ளைக்காரர் 1891இல் அறிக்கை எழுதி, அதன்பேரில் 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்ததே, அந்தப் பஞ்சமி நிலம் எங்கே? பிறர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் பிறர் கைக்குப் போனது எப்படி? 1994இல் அதை மீட்கப் போராடிய காரணை மக்களில் 2 பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக 44 உயிர்கள் தீயில் கருகின. நிலமும் கூலியும் கேட்டால் குண்டும் தீயும். மாலையும் உறையும் கேட்டால் புன்னகை! எது உண்மையான கேள்வி என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

"தனித்தொகுதி இருக்கிறதே, அவர்கள் பேசமாட்டார்களா?" என்று நீ கேட்கலாம். நல்ல கேள்வி. தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 தாழ்த்தப்பட்டோர்க்குரியவை. மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் சோழவந்தான் ஒன்றே தனித்தொகுதி. அங்கே நிற்பவர் தாழ்த்தப்பட்டவர். நிறுத்துவது கட்சித் தலைமை. வாக்காளரில் பெரும்பான்மையோர் பிற சமூகத்தார். ஆகவே, சேரியின் வாயாகப் போகவேண்டியவர், ஊரின் முகம் சுளிக்காதபடி பேசப் பழகிக்கொள்கிறார். 1932இல் புனா ஒப்பந்தத்தின் மூலம் தனிவாக்காளர் முறை கைவிடப்பட்டபோது அம்பேத்கர் அஞ்சிய அச்சம் இதுதான். 1952இல் பம்பாயில் போட்டியிட்ட அரசியல் சட்டச் சிற்பியே தோற்கடிக்கப்பட்டாரே! தனித்தொகுதி தேவையில்லை என்பது என் வாதமன்று. அதுவுமில்லாவிட்டால் அந்த 44 குரல்களும் இல்லை. தனித்தொகுதி உறுப்பினரிடம் மட்டும் சமத்துவத்தை ஒப்படைத்துவிட்டு, மற்ற 190 பேரும் கைகழுவுவதைத்தான் கண்டிக்கிறேன்.

1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே அந்த மாமேதை எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும், சமூக பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம், இதை விரைவில் நீக்காவிட்டால் கட்டிய மாளிகையே தகர்ந்துவிடும் என்று. முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆளுக்கொரு வாக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு மதிப்பு வரவில்லை.

இந்தத் தந்திரம் நம் நாட்டுக்கே உரியதும் அன்று. அமெரிக்காவைப் பார். 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்கள் நடத்திய மாபெரும் பேரணியின் பெயரே, வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்பது. விடுதலை என்ற சொல்லை வெள்ளை மாளிகை வேட்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்; வேலை என்ற சொல்லை வசதியாக மறந்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் அத்தோடு நிற்கவில்லை. 1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். 'நானும் மனிதன்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்தத் தொழிலாளர்கள் கேட்டது மானமும் கூலியும் ஒருசேரத்தான். அந்த நகரிலேயே ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் பிறந்தநாளில் எல்லாக் கட்சியாரும் கனவைப் பற்றிப் பேசுகிறார்கள். கூலியைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? மதுரை வீதியைக் கூட்டும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு மெம்பிஸ் தொலைவில் இல்லை, தோழனே!

இனி, நம் எதிரிகளும் சில நண்பர்களும் சொல்லும் மறுப்புக்கு வருவோம். "மந்தையிலே சமத்துவம் பேசினால் வாக்குப் போய்விடும், வாக்குப் போனால் ஆட்சி போய்விடும், ஆட்சி இல்லாமல் சமத்துவம் எப்படி வரும்?" என்கிறார்கள். கேட்க அறிவாகத்தான் தோன்றும். ஆனால் சமத்துவத்தைச் சொல்லாமல் பெற்ற வாக்கைக் கொண்டு சமத்துவத்தை எப்படிச் செய்வாய்? எதைச் சொல்லி வென்றாயோ அதற்குத்தானே நீ கடன்பட்டாய்?

மேலும், ஊர்த்தெரு கேட்காது என்பது பொய். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்த செய்தி வந்ததே, அப்போது மேலூர்ச் சீமை எப்படி எழுந்தது? நிலமுள்ளவனும் நிலமற்றவனும் சாலைக்கு வந்தார்கள். எல்லாக் கட்சியாரும் எல்லாத் தெருவிலும் ஒரே பேச்சைப் பேசினார்கள். 2025 ஜனவரி 23இல் ஏலம் கைவிடப்பட்டது. ஆக, இரண்டு தெருவிலும் ஒரே பேச்சைப் பேசும் வித்தை இவர்களுக்குத் தெரியாததன்று. சுரங்கம் வந்தால் பேசுகிறவர், சுடுகாட்டுப் பாதைக்கு ஏன் பேசமாட்டார்? ஊர்த்தெருவிலும் கடன்பட்ட சிறு விவசாயி இருக்கிறான். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் தவிப்பவன் இருக்கிறான். மேலூர் வட்டாரத்துக் கிரானைட் கொள்ளை 2012இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, கண்மாயும் வயலும் இழந்தது காலனி மட்டுமா? அவனிடம் போய், "உன்னை ஏய்த்தவன் சேரிக்காரன் அல்லன்; உன் சாதிப்பெருமையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே உன் நிலத்தைக் கொண்டுபோனவன்" என்று சொல்ல ஒரு நா வேண்டாமா?

தன் தெருவிலேயே பேசத் துணிந்தவர்கள் இந்த மதுரையில் வாழாமலில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர்களோடும் நாடார் ஒருவரோடும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். சேரிக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. தம் இனத்தாரின் வசையையும் விலக்கையும் ஏற்று, எந்தத் தெருவில் எதிர்ப்பு இருந்ததோ அந்தத் தெருவிலேயே நின்றார். அவர் கட்சி வேறாக இருக்கலாம். கொள்கை வேறாக இருக்கலாம். ஆனால் நின்ற இடம் சரியான இடம். தும்பைப்பட்டியில் பிறந்து பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த கக்கனின் எளிமையை இன்று எல்லா மேடையிலும் புகழ்கிறார்கள். எளிமையைப் புகழ்வது சுலபம். அந்த எளிமைக்காரர் எந்த வாசலைக் கடக்கவேண்டியிருந்தது, அதை அடைத்து நின்றவர் யார் என்று சொல்வது கடினம்.

ஆகவே தோழனே, உனக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற எந்தத் தேர்தலிலும், எந்த வேட்பாளராயினும், நம் வேட்பாளரே ஆயினும், மந்தையிலும் போய் நில். காலனியிலும் போய் நில். இரண்டு பேச்சையும் கேள். நான்கு கேள்விகளைக் குறித்துக்கொள். கூலியைப் பற்றி மந்தையில் பேசினாரா? ஒதுக்கீட்டு ஊராட்சித் தலைவரின் நாற்காலிக்குக் காவலாக நிற்பேன் என்று மந்தையில் சொன்னாரா? பொதுக்கண்மாயும் பொதுச்சுடுகாடும் பொதுவே என்று மந்தையில் சொன்னாரா? காலனிக்குச் சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்காமல் மந்தையிலும் சொன்னாரா?

சொன்னாரென்றால் அவர் தோற்றாலும் அந்தப் பேச்சு ஊரில் தங்கும். அடுத்து வருபவன் அதைத் தாண்டித்தான் பேசவேண்டும். சொல்லவில்லையென்றால், கொடி பிடித்த கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக் கேள்: "ஐயா, அங்கே பேசியதை இங்கே பேசும்!" அவர் தயங்கினால் நீ பேசு. உன் தெருவில் பேசு. உன் உறவினர் நடுவே பேசு. காலனியில் கிடைக்கும் கைத்தட்டலைவிட, மந்தையில் எழும் முணுமுணுப்பே நம் இயக்கத்துக்கு மெய்யான கூலி!